தொடக்கநிலை மவுண்டன் பைக்கில் பணம் போடுவதற்கு முன்

கோயம்புத்தூரில் ஞாயிறுதோறும் எங்களுடன் சைக்கிள் ஓட்ட வரும் கல்லூரி மாணவர் ஒருவர், சென்ற மாதம் புதிய ஏர் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கி, உள்ளிருக்கும் காற்றால் அதிர்வை உள்வாங்கும் கவை) ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்து, தம்முடைய 28,000 ரூபாய் சைக்கிளில் அதைப் பொருத்தித் தர முடியுமா என்று கேட்டார். பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த அளவுகளைப் படித்ததும் எனக்கு மனம் கனத்துவிட்டது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு அது. செயினைத் துடைப்பது, போல்ட்டை முறுக்குவது போன்ற எல்லோரும் அறிந்தவற்றை விட்டுவிட்டு, பணத்தை இழக்கச் செய்யும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஃப்ரேமை அளக்காமல் ஃபோர்க் வாங்குவது

விலை குறைந்த சைக்கிள்களில் பெரும்பாலும் சுருள்வில் ஃபோர்க்தான் வரும். அதன் எடை ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. கற்கள் நிறைந்த பாதையில் கை வலித்தவுடன் குற்றம் முழுவதையும் நாம் அந்த ஃபோர்க்கின் மீது சுமத்துகிறோம்.

இத்தகைய பல ஃப்ரேம்களில் ஹெட் டியூபுக்குள் (ஃப்ரேமின் முன்பக்கக் குழாய்க்குள்) செல்லும் ஸ்டீயரர் குழாய் (ஃபோர்க்கின் மேல்தண்டு) மேலும் கீழும் ஒரே அளவில், ஒன்றேயரைக்கால் அங்குலமாக, அதாவது 28.6 மில்லிமீட்டராக இருக்கும். இன்று கிடைக்கும் நல்ல ஏர் ஃபோர்க்குகளில் பெரும்பாலானவற்றின் ஸ்டீயரரோ கீழே ஒன்றரை அங்குலமாக அகன்றிருக்கும். ஹெட் டியூபின் கீழ் வாயை வெர்னியர் காலிபரால் அளந்து பாருங்கள். உள்விட்டம் 44 மில்லிமீட்டர் இருந்தால், வெளியே அமரும் கிண்ணமுள்ள ஹெட்செட் (ஸ்டீயரர் சுழலும் பேரிங் தொகுதி) மூலம் அதைப் பொருத்திவிடலாம். 34 மில்லிமீட்டராக இருந்தால் எந்த ஹெட்செட்டும் உதவாது.

என்னுடையது 34. ஃபோர்க்கை விற்ற கடைக்காரர் என் வண்டியின் மாடலைக்கூடக் கேட்கவில்லை என்பது இன்றும் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு, நேரான ஸ்டீயரருள்ள பழைய மாடல் ஒன்றை மாற்றிக் கொடுத்தார். அதில் பொருந்தும் சக்கர அச்சு 15 மில்லிமீட்டர். என் முன்சக்கரமோ 9 மில்லிமீட்டர் அச்சுள்ள குவிக் ரிலீஸ் (நெம்புகோலைத் திருப்பிக் கழற்றும்) வகை. ஆகவே புதுச் சக்கரம் வாங்க நேர்ந்தது. முன்சக்கரம் மாறியதும், பின்னாலும் நல்ல சக்கரம் போட்டு கியரைக் கூட்டலாம் என்ற ஆசை வந்தது. பின்பக்கம் ஹப்பில் (சக்கரத்தின் மையப்பகுதியில்) திருகி மாட்டும் ஏழு பல்சக்கர ஃப்ரீவீல் இருந்தது. அந்த ஹப்பில் கேசட் (திருகாமல் செருகி மாட்டும் பல்சக்கரத் தொகுதி) ஏறாது என்பதால் ஹப், கேசட், டெரெய்லர் (செயினை நகர்த்தும் கருவி), ஷிஃப்டர் (கியர் மாற்றும் நெம்புகோல்), செயின் என எல்லாவற்றையும் வாங்கினேன். 26,000 ரூபாய்க்கு வாங்கிய சைக்கிளில் பதினான்கு மாதங்களில் 41,000 ரூபாய் செலவிட்டேன். விற்க முயன்றபோது, வந்தவர்கள் அனைவரும் பழைய ஃப்ரேமின் மதிப்புக்கே விலை கேட்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 100 மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோர்க்குக்காக வடிவமைத்த ஃப்ரேமில் 120 மில்லிமீட்டர் ஃபோர்க்கைப் போட்டால், ஹெட் டியூபின் கோணம் ஏறத்தாழ ஒரு பாகை சாய்ந்துவிடும், வெல்டிங்கின் மீது விழும் சுமையும் கூடும். 140-ஐப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கை வலிக்குக் காரணம் தேடாமல் பாகத்தை மாற்றுவது

அந்த மாணவரின் டயர்களில் 60 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) காற்று இருந்தது. ட்யூப் உள்ள 2.2 அங்குல டயருக்கு, அவரைப் போல எழுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு மண்பாதையில் 30 பி.எஸ்.ஐ. அளவே போதும். காற்றைக் குறைத்து அதே கல்பாதையில் அனுப்பினேன். பாதி தூரத்திலேயே திரும்பி வந்து, பெட்டியைத் திறக்காமல் வைத்துவிடுவதாகச் சொன்னார்.

தேய்மானத்தைத் தரக்குறைவென நினைப்பது

கியர் தாவுகிறது என்று முழு செட்டையும் மாற்றுவதற்கு முன், ஸ்கேல் வைத்துச் செயினை அளக்கவும். ஒரு பின்னில் (செயின் கண்ணிகளை இணைக்கும் ஊசியில்) ஸ்கேலைத் தொடங்கி, அதற்கு அடுத்ததிலிருந்து எண்ணினால் இருபத்துநான்காவது பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயினை மாற்ற வேண்டும்; 1/8 அங்குலம் தள்ளி நின்றால் பெரும்பாலும் ஃப்ரீவீலும் சேர்ந்து தேய்ந்திருக்கும். இரண்டையும் மாற்றினாலும் செலவு சிறியதுதான்.

உடலுக்குப் பொருந்தாத அளவு ஃப்ரேமை மேம்படுத்துவது

விற்றுவிடுங்கள்.

எடையைக் குறைக்கப் பாகம் வாங்குவது

இந்த விலை வண்டியில் வேண்டாம்.

எதையுமே மாற்றாதிருப்பது

இதுவும் தவறுதான். கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக்கோடு மலையிறங்கும்போது விரல்கள் களைத்துப் போகும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறித் திரும்பியவர்களுக்கு அது தெரியும். அடிப்படை ஹைட்ராலிக் பிரேக், பிடிப்புள்ள டயர், நல்ல பெடல் ஆகிய மூன்றையும் தயங்காமல் வாங்கலாம். பெடலை அடுத்த வண்டிக்கும் கழற்றிக்கொண்டு போகலாம். மொத்தச் செலவு சைக்கிளின் விலையில் பாதியை நெருங்கினால் நான் அங்கேயே நிறுத்தச் சொல்வேன், ஏனெனில் அந்தப் பணத்தோடு பழைய வண்டியை விற்ற தொகையும் சேர்ந்தால், அகன்ற ஹெட் டியூபும் த்ரூ ஆக்ஸிலும் (துளைகளில் ஊடுருவித் திருகும் தடித்த அச்சும்) உள்ள ஃப்ரேமை நோக்கி நகர்ந்துவிடலாம்.

திறக்காத பெட்டி என்பதால் மாணவரின் ஃபோர்க்கைக் கடை திரும்பப் பெற்றுக்கொண்டது. அவர் பிரேக்கும் இரண்டு டயர்களும் வாங்கியிருக்கிறார். மீதிப் பணம் வங்கியில் இருக்கிறது.