மலை முழுக்கப் பச்சை பூசும் முன்: பார்வைப்பரப்பு வரைபடத்தில் நாம் செய்யும் தவறுகள்

நடுகல் (இறந்த வீரருக்கு நட்ட நினைவுக்கல்), கல்திட்டை (பலகைக்கற்களால் எழுப்பிய இரும்புக் கால ஈமச்சின்னம்), கல்வட்டம் (ஈமக்குழியைச் சுற்றி வட்டமாக வைத்த கற்கள்) என்று தேடித் திரிகிறவர்கள் எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் இப்போது நிறைய. கையில் போன், வீட்டு லேப்டாப்பில் க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள். ஓர் இடத்தைக் குறித்து, அங்கே நின்றால் எதெல்லாம் தெரியும் என்று கேட்டால் போதும், மலை, ஏரி, ஊர் என்று தெரிகிற இடமெல்லாம் மென்பொருள் பச்சை பூசிக் கொடுத்துவிடும். மெனுவில் வியூஷெட் என்று இருக்கும், நான் பார்வைப்பரப்பு என்கிறேன். அந்தப் பச்சையைப் பார்த்ததும் கை பரபரக்கும். "ஏரியைப் பார்க்கத்தான் இந்தக் கல்லை இங்கே நட்டிருக்கிறார்கள்" என்று எழுதிவிடுவோம். நானும் எழுதினேன்.

என்னுடையது பர்கூர்ப் பக்கம் ஒரு வேடியப்பன் கோயில் கல். (இங்கே பல ஊர்களில் நடுகல்லைத்தான் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள்.) பார்வைப்பரப்பு போட்டு, ஏரி முழுக்கத் தெரிகிறது என்று குஷியாகி, சரி, ஒரு போட்டோ எடுத்துவிடலாம் என்று போனேன். பொங்கல் வைக்க வந்திருந்த பாட்டி ஒருவர் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னார்: "இந்தச் சாமி முன்ன அந்தக் கோடிகிட்ட இருந்துச்சு கண்ணு. ரோடு போட்டப்ப ஜேசிபியில தூக்கியாந்து இங்க வெச்சாங்க." மூன்று வாரத்து வேலை அந்த அடுப்புப் புகையோடு போயிற்று.

கல் இருக்கும் இடமும் கல் நட்ட இடமும் ஒன்று என்று நம்புவதுதான் முதல் தவறு, நான் பார்த்தவரை பெரிய தவறும் அதுதான். நடுகல் ஏரிக்கரையிலிருந்து கோயிலுக்குப் போகும், கோயிலிலிருந்து தர்மபுரி அருங்காட்சியகத்துக்குப் போகும், சில சமயம் துணி துவைக்கும் கல்லாகவும் ஆகும். மல்லச்சந்திரத்துக் கல்திட்டைகள் மாதிரி பாறை மேலேயே எழுப்பியவற்றை முழுசாகத் தூக்கிக்கொண்டு போவது கஷ்டம், ஆனால் பலகைக்கற்கள் வேலிக்கும் வாய்க்காலுக்கும் போய்விடும். ஆடு மேய்க்கிறவரிடம் கேட்காமல் புள்ளி வைக்காதீர்கள்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய ஒரு வம்பு. 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் ஊடே ஓடுகிறது. பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் குறிக்கும் யூடிஎம் அளவுமுறையில் அதற்கு மேற்கே 43-ஆம் மண்டலம், கிழக்கே 44. ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் 43-இல், கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் 44-இல். மண்டலத்தை மாற்றிக் கொடுத்தால் ஓசூர்க் கல் வங்காள விரிகுடாவில் போய் விழும். அது பரவாயில்லை, கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாதது பழைய டோப்போ தாள், அதாவது நில அளவைத் துறையின் வரைபடம். ஜிபிஎஸ் அளவுமுறைக்கு முந்திய எவரெஸ்ட் என்ற புவி அளவுமுறையில் வரைந்த தாளை அப்படியே ஜிபிஎஸ் புள்ளிகளுக்கு அடியில் வைத்தால் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி நிற்கும். குன்றின் இந்தச் சரிவில் இருக்கிற கல் அந்தச் சரிவுக்குப் போய்விட்டால் பார்வைப்பரப்பே தலைகீழ். இன்னொன்று, டிகிரியில் இருக்கும் உயரத்தரவை (தரையைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றின் உயரத்தையும் சொல்லும் கோப்பு) அப்படியே வைத்துக் கணக்குப் போடாதீர்கள். உயரம் மீட்டரில், தூரம் டிகிரியில் என்றால் வருகிற படத்துக்கு அர்த்தமே இல்லை.

உயரத்தரவு என்றதும் எல்லோரும் இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம்-ஐத்தான் எடுக்கிறோம். 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்தது, ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். ஓர் ஆள் உயரக் கல்திட்டை அதில் கரைந்துபோகும். ராயக்கோட்டை மாதிரி செங்குத்துப் பாறை உச்சிகள் மழுங்கிப்போகும். அதற்குப் பிறகு கிரானைட்டுக்காக அறுத்த குன்று அதில் இன்னும் முழுசாக நிற்கிறது, கேஆர்பி அணையின் (கிருஷ்ணகிரி அணை) தண்ணீருக்கு அடியில் போன பள்ளத்தாக்கோ தட்டையான தண்ணீராக இருக்கிறது. அதனால் ஒரே புள்ளியிலிருந்து பார்த்துவிட்டு முடிவு கட்ட வேண்டாம். சுற்றிலும் எட்டுப் பத்துப் புள்ளி வைத்துப் பாருங்கள், எல்லாவற்றிலும் பச்சையாக வருகிற இடத்தை மட்டும் நம்புங்கள்.

மென்பொருளுக்குக் கண் வலிக்காது. 20 கிலோமீட்டர் தள்ளி இருப்பதையும் பச்சை என்றே சொல்லும். பூமியின் வளைவைக் கணக்கில் சேர்க்கும் பெட்டியை டிக் செய்யாமல் விட்டால், 10 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 8 மீட்டர், 20-இல் 31 மீட்டர் பிசகும். அதைச் சேர்த்தாலும் நல்ல கண்ணுக்கு ஒன்றரை மீட்டர்க் கல் 5 கிலோமீட்டரில் ஒரு புள்ளியாகக்கூடத் தேறுவது கடினம், நடுவே மாந்தோப்பும் தைல மரமும் வேறு.

இதையெல்லாம் சரியாகச் செய்தவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கல்திட்டையிலிருந்து ஏரி தெரிகிறது, சரி. கல்திட்டையே இல்லாத பக்கத்துக் குன்றுகளிலிருந்து? அங்கேயும் அதே அளவு தெரிந்தால் அந்தப் பச்சை உயரத்தால் வந்தது, ஏரிக்காக இடம் தேர்ந்தார்கள் என்று சொல்ல வழியில்லை. ஒப்பிட நூறு புள்ளியாவது குன்றுகள் மேல் குருட்டாம்போக்கில் வையுங்கள். ஏரியே அந்தக் காலத்தில் இருந்ததா என்றும் கேளுங்கள். நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் அகழ்ந்தெடுத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-இல் அறிவித்தார்கள். இந்தப் பக்கத்து மலைக்கோட்டைகள் அதற்கு மூவாயிரம் வருஷத்துக்கும் பிந்தியவை. கல்திட்டைகளையும் கோட்டைகளையும் கோடு போட்டு இணைத்து "பாராமகாலின் பார்வை வலை" (பாராமகால் இந்த வட்டாரத்தின் பழைய பெயர்) என்று சிலர் போடும் படங்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

யாரும் கைவைக்காத கல்திட்டையின் துல்லியமான ஜிபிஎஸ் எண்களை மட்டும் பொதுவில் போடாதீர்கள். புதையல் தோண்டுகிறவர்களும் அதையெல்லாம் படிக்கிறார்கள்.

கடைசியில் நேரில் போய்த்தான் ஆக வேண்டும். மலை மேல் நான், ஏரிக்கரையில் வெள்ளைத் துண்டை அசைத்தபடி என் தம்பி, இரண்டு பேர் காதிலும் போன். ஒரு கிலோமீட்டரில் துண்டு தெரிந்தது. மூன்றில் அவன் வந்த டிராக்டரின் கண்ணாடி ஒருமுறை பளிச்சிட்டது, அவ்வளவுதான். படத்தில் அந்த இடம் இன்னும் நல்ல பச்சையாக இருக்கிறது.