உடைந்துகொண்டே வந்த சீரம் குப்பிகள்

நான் அனுப்பிய சீரம் குப்பிகள் எப்போதும் கழுத்தில்தான் உடைந்தன. பிளாஸ்டிக் குமிழித் தாளை இறுக்கிச் சுற்றியும் பயனில்லை. திரும்பி வந்த பெட்டியைக் காதருகே ஆட்டியபோதுதான் பிடிபட்டது: குப்பி உள்ளே நகர்ந்து, மூடி பெட்டியில் மோதிக்கொண்டிருந்தது.

இப்போது தேன்கூட்டுக் காகிதத்தில் சுற்றுகிறேன். நன்றாக இழுத்து விரித்தால்தான் அதன் அறைகள் எழும்பி ஒன்றையொன்று கவ்வும். விரிக்காவிட்டால் அது வெறும் காகிதம். குப்பியின் தோளில் அமர்ந்து மூடிக்கு மேல் உயரும் நெளி அட்டை வளையம் கழுத்தைக் காக்கிறது. சுற்றிலும் 5 செ.மீ. இடைவெளியில் கசக்கிய காகிதம். ஒட்டுவதும் நீர் தடவும் காகித நாடாவால்தான். பெட்டி அப்படியே மறுசுழற்சிக்குப் போகலாம்.

ஒட்டிய பெட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்து ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு பக்கம் என 10 முறை விழச் செய்தேன். குப்பியில் கீறல்கூட இல்லை.