அக்ரிலிக்கில் வெண்மார்பு மீன்கொத்தி

பறவை முகம் வரைய ஆசைப்படுகிறவர்களுக்கு நான் கைகாட்டுவது வெண்மார்பு மீன்கொத்தியைத்தான். பழுப்புத் தலை, வெள்ளைத் தொண்டை, சிவந்த அலகு, நீல முதுகு என்று நிறங்கள் தெளிவாகப் பிரிந்திருக்கும்.

பென்சிலில் லேசாக வரையுங்கள். அலகைச் சின்னதாகப் போட்டால் வேறு ஏதோ குருவியாகிவிடும். ஏறக்குறைய தலை நீளத்துக்கு இருக்கட்டும். அப்புறம் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு நிறத்தை நீர்க்கக் கரைத்து, நிழல் விழும் இடங்களில் மட்டும் ஒரு பூச்சு.

கண்ணை முதலில் முடித்துவிடுவது என் வழக்கம். கருப்பை ட்யூபிலிருந்து அப்படியே எடுத்தால் கண் செத்துப்போனதுபோல் இருக்கும். அம்பரோடு அல்ட்ராமரீன் நீலம் கலந்தால் ஆழமான கருமை கிடைக்கும். அடிவிளிம்பில் மெல்லிய பழுப்புப் பிறை. காய்ந்ததும், வெளிச்சம் வரும் பக்கம், 0 எண் பிரஷ் நுனியால் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. ரெண்டாவது புள்ளி வைக்கக் கை துறுதுறுக்கும், வைக்காதீர்கள்.

முதுகுக்கு தேலோ நீலமும் வெள்ளையும். தேலோ பொல்லாதது, கொஞ்சம் பட்டாலே மற்ற நிறத்தை விழுங்கிவிடும். வெள்ளையை எடுத்துக்கொண்டு அதில் கடுகளவு தேலோ சேருங்கள், மாற்றிச் செய்தால் வெள்ளை ட்யூபே காலியாகும். காய்ந்தபின் நிறம் சற்று இருளும், அதனால் ஒரு படி வெளிறலாகவே கலக்கலாம்.

இறகுகளை எண்ணி வரைய வேண்டாம். அலகடியிலிருந்து பின்னோக்கி, அவை வளரும் திசையில் குட்டிக் கோடுகள் போதும். தொண்டையின் நிழலுக்கு வெள்ளையில் துளி நீலம், துளி அம்பர். சுத்த வெள்ளையைக் கடைசிக் கோடுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் காலத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, நனைத்த டிஷ்யூ மேல் பட்டர் பேப்பர் விரித்து நிறம் கலந்தால் சீக்கிரம் காயாது.