அம்மாவின் தாலாட்டை அமிகா 500-இல் ஓடவிடும் வழி

பேத்தியைத் தூங்கவைக்க அம்மா பாடியதைக் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்தேன். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குப் பக்கத்திலேயே எம்ஆர்டி பாதை, அதனால் ரயில் இரைச்சலும் பதிவில் உண்டு. சுங்கை ரோடு சந்தை 2017-இல் மூடப்படுவதற்கு முந்தைய வருடம் அங்கே அமிகா 500 என்ற பழைய வீட்டுக் கணினி ஒன்றை வாங்கியிருந்தேன். அதில் அம்மா குரலைக் கேட்க வேண்டும் என்று ஆசை. இரண்டு வார இறுதிகள் பிடித்தன.

முதலில் கணக்கு. அமிகாவின் ஒலிச் சிப்பான பவுலா, 8 பிட் ஒலியைச் சிப் ரேம் என்ற நினைவகப் பகுதியிலிருந்து மட்டுமே எடுக்கும். என்னுடையதில் அது 512 கேபி. மோனோவில் நொடிக்கு 8287 சாம்பிள் (ஒலி அளவீடு, ஒவ்வொன்றும் ஒரு பைட்) என்று வைத்தால், 45 நொடிப் பாட்டுக்கு 364 கேபி ஆகும். ஏன் 8287? பால் (PAL) டிவி முறை அமிகாவில், புரோடிராக்கர் என்ற இசை மென்பொருளில் சி-2 (C-2) ஸ்வரத்தை அழுத்தினால், ஏற்றிய ஒலித் துண்டு ஓடும் வேகம் அதுதான். அந்தத் துண்டையும் சாம்பிள் என்றே சொல்வார்கள். வேறு எண்ணில் மாற்றினால் சுருதி மாறிவிடும். குரலுக்கு இந்த வேகம் போதும். நாதஸ்வரம் மாதிரி கருவி என்றால் 16574 வைத்து சி-3 அழுத்துங்கள், ஆனால் இடம் இரட்டிப்பாகும்.

அப்புறம் கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருள். ஸ்டீரியோவை மோனோவாக்கி, தாழ்ந்த ஒலிகளை நீக்கும் ஹை-பாஸ் ஃபில்டரை 120 ஹெர்ட்ஸில் வையுங்கள். ரயிலின் உறுமல் பெரும்பாலும் போய்விடும். அடுத்து, சத்தத்தின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரஸரைத் தவிர்க்காதீர்கள். 8 பிட்டில் மொத்தம் 256 படிகள்தான். மெல்லப் பாடும் இடங்கள் நாலைந்து படிகளுக்குள் சுருங்கி, கரகரப்பில் மூழ்கிவிடும். கடைசியாக, உச்ச அளவைச் சரிசெய்யும் நார்மலைஸ், -1 டெசிபல். பிறகு டிராக்கை 8287 வேகத்துக்கு மாற்றுங்கள் (ரீசாம்பிள்).

இனி வெட்டுவது. இங்கேதான் பொறுமை வேண்டும். புரோடிராக்கரில் பாட்டை எழுதும் ஒரு கட்டம்தான் பேட்டர்ன், அதில் 64 வரிசைகள். தொடக்க வேகத்தில் வரிசைக்கு 0.12 நொடி, மொத்தம் 7.68 நொடி. 7.68 நொடிச் சாம்பிள், புரோடிராக்கரில் ஒரு சாம்பிளுக்கு உள்ள 64 கேபி வரம்புக்குள் அடங்கிவிடும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு 7.68-இல் வெட்டினால் "ஆரிரரோ" நடுவிலேயே அறுந்துபோகும். அம்மா மூச்சு வாங்கும் இடத்தில் வெட்டுங்கள். துண்டு 6 நொடி வந்தால் 50 வரிசை. வரிசை எண்கள் 0-இலிருந்து தொடங்குவதால் 49-ஆம் வரிசையில் டி00 (D00) கட்டளை போட்டால் அடுத்த பேட்டர்னுக்குத் தாவிவிடும்.

ஒவ்வொரு துண்டையும் தலைப்பில்லாத ரா கோப்பாக, சைன்டு 8 பிட் பிசிஎம் என்று தேர்ந்து ஏற்றுமதி செய்யுங்கள். முதல் தடவை நான் அன்சைன்டு தேர்ந்துவிட்டேன், தாலாட்டுக்குப் பதில் காதைக் கிழிக்கும் இரைச்சல்தான் வந்தது.

கோப்புகளை அமிகாவுக்குக் கொண்டுபோக, யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் உதவாது. அமிகாவின் 880 கேபி வட்டை அதால் எழுத முடியாது. கணினியில் அமிகாவைப் போலச் செயல்படும் வின்யுஏஇ எமுலேட்டரில் ஏடிஎஃப் வட்டுக் கோப்பு உருவாக்கி அதில் நகலெடுத்து, ஃப்ளாப்பி டிரைவுக்குப் பதிலாக அமிகாவில் பொருத்திய கோடெக் டிரைவில் தம்ப்டிரைவ் வழியாகக் கொடுங்கள்.

புரோடிராக்கரில் துண்டுக்கு ஒரு சாம்பிள், ஒரு பேட்டர்ன். முதல் வரிசையில் 1, 2 ஆகிய இரு சேனல்களிலும் அதே சாம்பிளைச் சி-2-வில் வையுங்கள். ஒன்று இடப்பக்கம், மற்றது வலப்பக்கம். இரண்டும் ஒரே சாம்பிளைப் படிப்பதால் கூடுதல் நினைவகம் செலவாகாது.

இடம் போதாவிட்டால், திரும்ப வரும் "ஆராரோ" அடிக்கு ஒரே சாம்பிளை மறுபடி பயன்படுத்தலாம். நான் செய்யவில்லை. பேத்தி கண் அசர அசர, இரண்டாம் முறை அம்மாவின் குரல் தணிகிறது. அதற்கு இன்னொரு 50 கேபி கொடுக்கலாம்.

முதல் பேட்டர்னின் முதல் வரிசையில், காலியாக உள்ள 3-ஆம் சேனலில் இ00 (E00) கட்டளையைப் போட்டுவிடுங்கள். பவர் விளக்கு பிரகாசமாகும், உள்ளே இருக்கும் ஃபில்டர் வேலை செய்யும். 8287-இல் வரும் உலோகச் சீறல் அடங்கி, குரல் மட்டும் நிற்கும்.