நீட் தேர்வுக்கு மாணவரைத் தயார் செய்தல்: பிளஸ் ஒன் வகுப்பிலிருந்து தேர்வறை வரை

நீட் தேர்வுக்கு மாணவர்களைப் பழக்கும் பள்ளி ஆசிரியர்களையும், வீட்டில் உடனிருந்து கவனிக்கும் பெற்றோரையும் மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது. இத்தேர்வு வேண்டுமா, வேண்டாமா என்னும் விவாதம் தமிழ்நாட்டில் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. அது முடியும் வரை இன்று பிளஸ் ஒன் வகுப்பில் இருக்கும் பிள்ளையால் காத்திருக்க முடியாது என்பதால், அதை இங்கே தொடவில்லை. பாடம் தெரியாததால் இழக்கும் மதிப்பெண்ணைவிட, எழுதிய மாதிரித் தேர்வைத் திரும்பிப் பார்க்காமல் அடுத்த தேர்வுக்கு ஓடுவதால் இழக்கும் மதிப்பெண்ணே பல மாணவர்களுக்கு அதிகம் என்பது என் கருத்து. அதனால் அந்தப் பகுதிக்கு இக்கட்டுரையில் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் தேர்வின் அமைப்பு. 2025ஆம் ஆண்டுத் தேர்வில் இயற்பியலில் 45, வேதியியலில் 45, உயிரியலில் 90 என 180 வினாக்கள் கேட்கப்பட்டன. ஒதுக்கப்பட்ட நேரமும் 180 நிமிடங்களே. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு, மொத்தம் 720. கொரோனா காலத்தில் கொண்டுவரப்பட்ட விருப்ப வினாக்களும் கூடுதல் 20 நிமிடங்களும் அந்த ஆண்டிலிருந்து நீக்கப்பட்டன. ஆகவே 2021 முதல் 2024 வரையிலான வினாத்தாள்களைப் பயிற்சிக்குக் கொடுக்கும்போது, 200 வினாக்களை அப்படியே கொடுக்காமல் 180 ஆகக் குறைத்து, மூன்று மணி நேரத்துக்குள் எழுதச் சொல்ல வேண்டும். விதிகள் மாறக்கூடியவை என்பதால், தேசியத் தேர்வு முகமை ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் தகவல் கையேட்டை ஆசிரியர் தாமே ஒருமுறை முழுவதும் படித்துவிடுவது நல்லது. வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நம்பி மாணவரிடம் எதையும் சொல்லக் கூடாது.

தயாரிப்பு பிளஸ் ஒன் வகுப்பின் முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டும். ஏறத்தாழப் பாதி வினாக்கள் அந்த ஆண்டுப் பாடங்களிலிருந்தே வருகின்றன. இயற்பியலில் விசையியல், வேதியியலில் வேதிப் பிணைப்பு, உயிரியலில் தாவரச் செயலியலும் மனித உடற்செயலியலும் பிளஸ் ஒன் பாடங்கள். பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை மேலோட்டமாக ஓட்டிவிட்டுப் பிளஸ் டூ பாடத்தை முன்கூட்டியே தொடங்கும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. பொதுத்தேர்வு முடிவில் அதன் பாதிப்பு தெரியாது, நீட் தேர்வில்தான் தெரியும். நியூட்டனின் விதிகளில் தடுமாறுகிறவரால், பிளஸ் டூவில் காந்தப்புலத்தில் இயங்கும் மின்துகளின் பாதையைக் கணக்கிட முடியாது. இந்த முதல் ஆண்டில் முழுநீள மாதிரித் தேர்வுகள் தேவையில்லை. ஒரு பாடம் முடிந்த வாரத்தில், அந்தப் பாடத்திலிருந்து மட்டும் 45 வினாக்களை 45 நிமிடத்தில் எழுத வைத்தால் போதும்.

எந்த நூலைப் படிப்பது என்னும் கேள்வி எல்லாப் பெற்றோரிடமிருந்தும் வருகிறது. 2018-19 கல்வியாண்டு முதல் புதுப்பிக்கப்பட்ட தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தரத்தில் குறைந்தவை அல்ல; சில பகுதிகளில், மத்திய அரசு அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் பாடநூலைவிட விரிவாகவே இருக்கின்றன. ஆனால் வினா எடுப்பவர்கள், குறிப்பாக உயிரியலில், என்.சி.இ.ஆர்.டி. நூலின் வாக்கியங்களையும் படக்குறிப்புகளையும் அட்டவணைகளையும் ஒட்டியே வினாக்களை அமைக்கிறார்கள். அந்நூல்கள் ஆங்கிலம், இந்தி, உருது மொழிகளில்தான் வெளிவருகின்றன. தமிழ்வழி மாணவருக்கு மாநிலப் பாடநூலே அடிப்படையாக இருக்கட்டும், ஆசிரியர் என்.சி.இ.ஆர்.டி. நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அங்கே இருந்து இங்கே இல்லாத செய்திகளை மட்டும் தமிழில் எழுதி, அந்தந்தப் பாடத்தின் கடைசியில் ஒட்டச் சொல்லலாம். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் ஓராசிரியர் ஒருமுறை செய்துவிட்டால் அடுத்தடுத்த ஆண்டு மாணவர்களுக்கும் அது பயன்படும். கைடு என்ற பெயரில் கடையில் அடுக்கி வைத்திருக்கும் தடித்த புத்தகங்களை வாங்கிக் குவிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இயற்பியலுக்குக் கூடுதல் கணக்குகள் கொண்ட ஒரு நூல் வேண்டும். மற்ற இரண்டு பாடங்களுக்கும் பாடநூலும் பழைய வினாத்தாள்களும் போதும்.

இனி மாதிரித் தேர்வு. தேர்வு முடிந்தவுடன் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. அதற்கு மாறாக, மூன்று மணி நேரத் தேர்வு ஒன்றுக்குக் குறைந்தது மூன்று மணி நேர ஆய்வு என்று ஒதுக்கிவிட வேண்டும். தவறிய ஒவ்வொரு வினாவையும், விடை தெரியாமல் விட்ட ஒவ்வொரு வினாவையும் தனி நோட்டில் எழுதி, எதனால் தவறியது என்று மாணவரே எதிரில் குறிக்க வேண்டும். பாடமே தெரியாதது ஒரு வகை. கருத்தை அரைகுறையாகப் புரிந்துகொண்டது இன்னொரு வகை. தெரிந்திருந்தும் வினாவைச் சரியாக வாசிக்காதது மூன்றாவது. நேரம் போதாமல் அவசரத்தில் போட்டது நான்காவது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு என்பதால்தான் இந்தப் பிரிவினை. எல்லாவற்றுக்கும் சேர்த்து “இன்னும் நன்றாகப் படி” என்று சொல்வதால் பயனில்லை.

இரண்டாவது வகைக்கு ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு கம்பியை அதன் நீளம் இரு மடங்காகும் வரை சீராக இழுத்தால் மின்தடை எத்தனை மடங்காகும் என்று வினா கேட்கப்படுகிறது. 2, 4, பாதி, மாற்றமில்லை என நான்கு விடைகள் தரப்பட்டிருக்கின்றன. மின்தடை நீளத்துக்கு நேர்விகிதம் என்பது மட்டும் நினைவில் இருக்கும் மாணவர் 2 என்று குறித்துவிட்டு, சரியாகச் செய்துவிட்ட நிறைவோடு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார். கம்பியை இழுக்கும்போது அதன் கன அளவு மாறுவதில்லை. நீளம் இரட்டிப்பானால் குறுக்குவெட்டுப் பரப்பு பாதியாகிறது. ஆகவே மின்தடை 4 மடங்காகும். இங்கே 2 என்னும் விடை அரைகுறையாகத் தெரிந்தவரைப் பிடிப்பதற்காகவே வைக்கப்பட்டது. இப்படித் தவறியவர் நோட்டில் ‘சரியான விடை 4’ என்று மட்டும் எழுதினால் போதாது. ‘பரப்பும் மாறும் என்பதை மறந்தேன்’ என்று எழுத வேண்டும். பிறகு அதே கருத்தில் வேறு மூன்று கணக்குகளை ஆசிரியர் தர வேண்டும்: நீளத்தை மூன்று மடங்காக இழுத்தால் என்ன, கம்பியை இழுக்காமல் இரண்டாக வெட்டினால் என்ன, வெட்டிய துண்டுகளைப் பக்க இணைப்பில் இணைத்தால் என்ன என்று.

மூன்றாவது வகைத் தவறு உயிரியலில்தான் அதிகம் நடக்கிறது. ‘பின்வருவனவற்றுள் தவறான கூற்று எது’ என்று கேட்டிருக்கும்; முதல் கூற்று சரியாக இருப்பதைக் கண்டதும் மாணவர் அதையே குறித்துவிடுவார். ‘தவறான’, ‘அல்லாத’, ‘தவிர’ ஆகிய சொற்களைக் கண்டால் வினாத்தாளிலேயே அடிக்கோடிடும் பழக்கத்தைப் பிளஸ் ஒன்னிலேயே கையில் ஏற்றிவிட வேண்டும். கூற்று-காரணம் வகை வினாக்களில், இரண்டு வாக்கியங்களும் தனித்தனியே சரியா என்று முதலில் முடிவு செய்து ஓரத்தில் டிக் போட்டுக்கொண்ட பிறகே, காரணம் கூற்றை விளக்குகிறதா என்று பார்க்கப் பழக்க வேண்டும். இந்த நோட்டை வாரந்தோறும் ஆசிரியர் வாங்கிப் பார்ப்பது அவசியம். யாரும் பார்க்காத நோட்டு இரண்டு மாதத்தில் நின்றுவிடும்.

விடை தெரியாத வினாவை என்ன செய்வது? நெகட்டிவ் மார்க் என்ற பயத்தில், முழு உறுதி இல்லாத எதையும் தொடாதே என்று பிள்ளைகளிடம் சொல்லி வைக்கிறோம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நான்கு விடைகளில் இரண்டு நிச்சயமாகத் தவறு என்று தெரிந்து, மீதி இரண்டில் ஒன்றைக் குறிக்கும் வினாக்கள் பத்து இருப்பதாகக் கொள்வோம். சராசரியாக ஐந்து சரியாகி 20 மதிப்பெண் வரும், ஐந்து தவறி 5 போகும், கையில் 15 நிற்கும். ஒன்றை மட்டும் நீக்க முடிந்தாலும் வரவு செலவைவிடக் கூடுதல்தான். எதையுமே நீக்க முடியாத வினாவிலும் கணக்குப்படி ஒரு துளி லாபம் இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன கம்பி வினாவைப் போல, கவர்ச்சியான தவறான விடை மாணவரின் கையைத் தன் பக்கம் இழுக்கும் என்பதால், அந்தத் துளியை நம்பி இறங்க வேண்டாம் என்பேன். மாணவர் மாதிரித் தேர்வுகளில் ஊகித்துக் குறித்த வினாக்களுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இட்டு வந்தால், தம் ஊகம் எந்தப் பாடத்தில் பலிக்கிறது, எதில் பலிப்பதில்லை என்பது அவருக்கே தெரியவரும்.

தமிழ்வழியில் எழுதுகிறவர்களுக்குத் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த வினாத்தொகுப்பு தரப்படுகிறது. இரண்டுக்கும் முரண்பாடு வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. 2018 தேர்வில் 49 வினாக்களின் தமிழாக்கத்தில் பிழை இருந்ததாக வழக்குத் தொடுக்கப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் வழங்க உத்தரவிட்டதும், அதை உச்ச நீதிமன்றம் பின்னர் ரத்து செய்ததும் பலருக்கு நினைவிருக்கும். ஆகவே தமிழ்வழி மாணவரும் கலைச்சொற்களின் ஆங்கில வடிவத்தை ஒவ்வொரு பாடத்தோடும் சேர்த்துப் படித்தாக வேண்டும். ஆங்கிலத்தில் சரளம் வேண்டியதில்லை. தமிழ் வாக்கியம் இடறும்போது கண்ணை ஆங்கில வாக்கியத்துக்குத் திருப்பி, அதில் உள்ள கலைச்சொல்லை அடையாளம் காணத் தெரிந்தால் போதும்.

தேர்வறையில் நேரத்தைப் பங்கிடுவதைப் பொறுத்தவரை, பெரும்பாலான மாணவர்களுக்கு உயிரியலில் தொடங்குவதே நன்று. தொண்ணூறு வினாக்களை 50 நிமிடத்தில் முடிக்கப் பழகினால், வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 65 நிமிடம் கிடைத்து, மீதி 15 நிமிடம் கையிருப்பாக நிற்கும். ஓ.எம்.ஆர். தாளில் வட்டங்களை நிரப்புவதைக் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளிவைப்பது ஆபத்து. ஒரு வினா எண் பிசகினால் அதற்குக் கீழே உள்ள வரிசை முழுவதும் பிசகும், பேனாவால் நிரப்பிய வட்டத்தை அழிக்கவும் முடியாது. ஒரு பக்கம் முடித்ததும் அந்தப் பக்கத்து விடைகளை நிரப்பிவிடுவது பாதுகாப்பான முறை. மாதிரித் தேர்விலும் விடைகளை வினாத்தாளிலேயே வட்டமிட விடாமல், நகலெடுத்த ஓ.எம்.ஆர். தாளைத் தந்து நிரப்பச் செய்ய வேண்டும்.

மார்ச் மாதப் பொதுத்தேர்வுக்கும் மே மாதத் தொடக்கத்தில் வரும் நீட் தேர்வுக்கும் இடையில் கிடைக்கும் சில வாரங்களில் புதிய பாடம் எதையும் தொடக் கூடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், உண்மைத் தேர்வு நடக்கும் அதே பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை முழுத் தேர்வு எழுதி, மறுநாள் அதை ஆய்வு செய்து, தவறு நோட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண் சொருகுகிற நேரம் அது. உடம்பை அதற்குப் பழக்குவதும் தயாரிப்பில் ஒரு பகுதிதான். பொதுத்தேர்வை அலட்சியப்படுத்திவிட்டு நீட் மட்டும் படிக்கலாம் என்று நினைப்பதும் தவறு. இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் பொதுப் பிரிவினர் 50 விழுக்காடும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 விழுக்காடும் பெற்றிருந்தால்தான் சேர்க்கைக்குத் தகுதி.

முந்தைய ஆண்டின் கட்-ஆஃப் மதிப்பெண்ணைச் சுவரில் எழுதி ஒட்டி அதையே இலக்காக வைப்பதையும் தவிர்க்கச் சொல்வேன். 2024இல் பலர் முழு 720 மதிப்பெண் பெற்றனர். இயற்பியல் மிகக் கடினமாக இருந்த 2025இல் நாட்டிலேயே அதிக மதிப்பெண் 686தான். ஒரே மதிப்பெண்ணின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு இவ்வளவு மாறும்போது, தவறு நோட்டில் வாரத்துக்கு எத்தனை பதிவுகள் குறைகின்றன என்பதே நம்பத்தக்க அளவுகோல்.

பெற்றோர் செய்ய வேண்டியவற்றுள் முக்கியமானது, மாற்று வழிகளைத் தேர்வுக்கு முன்பே பிள்ளையுடன் பேசிவிடுவது. கால்நடை மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்கள், வேளாண்மை, துணை மருத்துவப் படிப்புகள் ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2025இல் பிளஸ் டூ மதிப்பெண்ணின் அடிப்படையில்தான் சேர்க்கை நடந்தது. மருத்துவம் கிடைக்காவிட்டால் எல்லாம் போயிற்று என்று நம்பவைக்கப்பட்ட பிள்ளை, மூன்று மணி நேரத்தில் ஒரு கடினமான வினாவைக் கண்டதும் உடைந்துபோகும். தூக்கம் கெடுவதும் பேச்சுக் குறைவதும் நாட்கணக்கில் தொடர்ந்தால், 104 அல்லது 14416 என்ற எண்ணை அழைத்து ஆலோசனை பெறத் தயங்கக் கூடாது.

சான்றிதழ்களைப் பிப்ரவரிக்குள் எடுத்து வைத்துவிட வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. இடையில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் படிப்புச் சான்று வாங்க வேண்டியிருக்கும். அகில இந்திய ஒதுக்கீட்டுக்குரிய ஓ.பி.சி. சான்றிதழ் வேறு, மாநில அரசின் சாதிச் சான்றிதழ் வேறு; இரண்டும் வேண்டும். தேர்வு முடிந்த சில வாரங்களில், நிரப்பிய ஓ.எம்.ஆர். தாளின் படமும், கணினி அதிலிருந்து படித்துக்கொண்ட விடைகளும், தற்காலிக விடைக்குறிப்பும் இணையதளத்தில் வெளியாகும். அப்போது படத்தையும் பதிவான விடைகளையும் 180 வினாக்களுக்கும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்து, மாறுபாடு இருந்தால் குறிப்பிட்ட நாட்களுக்குள் கட்டணம் செலுத்தி ஆட்சேபத்தைப் பதிவு செய்துவிட வேண்டும்.