கர்நாடகத்தின் எக்காலத்துக்கும் சிறந்த பதினொருவரைத் தேர்ந்தெடுக்கும் முறை

கிரிக்கெட்டில் எக்காலத்துக்கும் சிறந்த அணி எது என்று பேச்சுத் தொடங்கினால், அது பெரும்பாலும் புகழ்பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலாகவே முடிந்துவிடுகிறது. உலக அணி, இந்திய அணி என்று பெரிதாகத் தொடங்குவதைவிட ஒரு மாநில அணியை எடுத்துக்கொண்டு பழகுவது நல்லது. வீரர்களின் எண்ணிக்கை கைக்கு அடங்கும், அவர்களை நேரில் பார்த்தவர்களும் பக்கத்திலேயே கிடைப்பார்கள். பெங்களூருவில் அல்சூர், சிவாஜிநகர், காக்ஸ் டவுன் பகுதிகளில் வாழும் தமிழர்களுக்குக் கர்நாடக அணியே இதற்குப் பொருத்தமானது. மாநில அணிகள் மோதும் ரஞ்சி கோப்பையில் தமிழ்நாடும் கர்நாடகமும் எதிரெதிரே நிற்கும்போது ஒரே வீட்டில் இரண்டு கட்சிகள் இருப்பது இங்கே புதிதல்ல என்றாலும், தேர்வுக்கு உட்காரும்போது அந்தப் பாசத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.

வீரர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன், இந்த அணி யாரோடு, எங்கே, எத்தனை நாள் ஆடப்போகிறது என்பதை முடிவு செய்து எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் எதுவென்று தெரியாமல் தேர்ந்தெடுக்கப்படும் அணி வெறும் பரிசளிப்புப் பட்டியலாகிவிடும். என் பரிந்துரை இது: எதிரணி பம்பாயின் எக்காலத்துக்கும் சிறந்த அணி, இடம் பெங்களூருவின் சின்னசாமி அரங்கம், ஐந்து நாள் ரஞ்சி இறுதிப் போட்டி. 1958-59 முதல் 1972-73 வரை தொடர்ந்து பதினைந்து முறை கோப்பையை வென்ற பம்பாயை 1974-இல் அரையிறுதியில் இதே மைதானத்தில் நிறுத்தியது கர்நாடகம்தான் என்பதால், அவர்களைவிடப் பொருத்தமான எதிரணி கிடையாது. ரஞ்சி இறுதிப் போட்டி என்று சொல்லிவிட்டால் ஒரு முக்கியமான விதியும் கூடவே வந்துவிடுகிறது. ஆட்டம் முடிவின்றிப் போனால் முதல் இன்னிங்ஸில் முன்னிலை பெற்ற அணியே வென்றதாகும். 1974 அரையிறுதியை விஸ்வநாத்தும் பிரிஜேஷ் படேலும் அடித்த சதங்களின் துணையோடு கர்நாடகம் வென்றதும் அப்படித்தான். ஆகவே நான்காம் நாள் மாலையில் வேகமாக அடித்து ஆடுபவரைவிட, முதல் இரண்டு நாள்களில் விக்கெட்டை விட்டுக்கொடுக்காதவருக்கே இந்த அணியில் மதிப்பு அதிகம்.

அடுத்தது தகுதி. பிறந்த ஊரை வைத்துக் கணக்கிட்டால் குழப்பமே மிஞ்சும்: சையது கிர்மானி பிறந்தது சென்னையில், திராவிட் பிறந்தது இந்தூரில், கருண் நாயர் பிறந்தது ஜோத்பூரில். மாநில அணிக்காக ஆடியிருக்க வேண்டும் என்ற ஒரே விதி போதும். பின்னாளில் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டவர்களையும் தள்ள வேண்டியதில்லை. மைசூர் என்ற பெயரில் ஆடிய காலத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தால் கணக்கு 1934-இல் தொடங்குகிறது. ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டமே சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையில் நடந்தது, ஏ.ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட்டுகள் எடுக்க, அது ஒரே நாளில் முடிந்துபோனது. நம் சென்னைக் கட்சிக்காரர்கள் இதை நினைவூட்டாமல் இருக்க மாட்டார்கள்.

காலங்களை ஒப்பிடுவதுதான் இந்த வேலையின் நடுப்பகுதி. இங்கே அவசரப்படக் கூடாது. டெஸ்ட் சராசரியை மட்டும் வைத்து ஜி.ஆர். விஸ்வநாத்தின் 41.93-ஐயும் ராகுல் திராவிட்டின் 52.31-ஐயும் அடுத்தடுத்து எழுதினால், பத்து ரன்களுக்கு மேல் இடைவெளி தெரியும். ஆனால் விஸ்வநாத் ஆடிய ஆண்டுகளில் பெரும்பகுதி தலைக்கவசம் கிடையாது. ஓர் ஓவருக்கு இத்தனை பவுன்சர்தான் வீசலாம் என்ற எண்ணிக்கைக் கட்டுப்பாடு சர்வதேச டெஸ்டில் 1991-இல்தான் வந்தது. 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து வீச்சாளர் ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன்களுக்கு ஏழு விக்கெட்டுகளை எடுத்த இன்னிங்ஸில், இந்தியா எடுத்த மொத்தமே 190. அதில் ஆட்டமிழக்காமல் 97 ரன்கள் விஸ்வநாத்துடையவை. சதத்துக்கு மூன்று ரன்கள் குறைந்த அந்த இன்னிங்ஸ் எந்தச் சதப் பட்டியலிலும் இடம்பெறாது. அவர் சதமடித்த பதினான்கு டெஸ்டுகளில் ஒன்றில்கூட இந்தியா தோற்கவில்லை என்பதையும் சராசரி நமக்குச் சொல்வதில்லை. எனவே ஒவ்வொரு மட்டையாளருக்கும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். அதே ஆண்டுகளில், அதே பந்துவீச்சை எதிர்கொண்ட மற்றவர்கள் எவ்வளவு எடுத்தார்கள்? அணியின் மொத்த ஓட்டங்களில் இவருடைய பங்கு என்ன? நல்ல வேகப்பந்து வீச்சுக்கு எதிராக, தன் ஊருக்கு வெளியே, இவர் என்ன செய்தார்? இந்த மூன்றுக்கும் விடை கண்டால் விஸ்வநாத்தும் திராவிட்டும் ஒரே அணியில் மூன்றாம், நான்காம் இடங்களில் உறுத்தாமல் உட்கார்ந்துவிடுவார்கள்.

உள்ளூர் ஆட்டத்தின் மொத்த எண்ணிக்கைகளிலும் இதே எச்சரிக்கை தேவை. ரஞ்சி கோப்பை நெடுங்காலம் மண்டல முறையில் நடந்ததால், தென் மண்டலத்தில் தமிழ்நாடு, ஐதராபாத், ஆந்திரம், கேரளம் ஆகியவற்றோடு ஆடி முடித்தபின் தகுதி பெறாத அணிக்கு அந்தப் பருவம் அத்தோடு முடிந்தது. 1970-களின் வீரருக்கு ஒரு பருவத்தில் கிடைத்த ஆட்டங்கள் இன்றைய வீரருக்குக் கிடைப்பவற்றைவிடக் குறைவு. மொத்தத்தை விட்டுவிட்டு, ஆட்டத்துக்கு எத்தனை, இன்னிங்ஸுக்கு எத்தனை என்று பார்க்க வேண்டும்.

சுழற்பந்து வீச்சாளர்களிடம் வரும்போது ஒப்பீடு இன்னும் சுவையாகிறது. அனில் கும்ப்ளே 132 டெஸ்டுகளில் 619 விக்கெட்டுகள், பி.எஸ். சந்திரசேகர் 58 டெஸ்டுகளில் 242, ஈ.ஏ.எஸ். பிரசன்னா 49 டெஸ்டுகளில் 189. ஆட்டத்துக்கு என்று பார்த்தால் கும்ப்ளே சற்றே முன்னால் நிற்கிறார். ஆனால் பிரசன்னாவும் சந்திரசேகரும் வீசிய காலத்தில் எதிர்முனையில் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் பேடி இருந்தார், வெங்கட்ராகவன் இருந்தார். பத்து விக்கெட்டுகளை மூன்று, நான்கு பேர் பங்கிட்டுக்கொண்டார்கள். கும்ப்ளே பல ஆட்டங்களில் சுமையைத் தனியாகவே தாங்கியதால் வாய்ப்பும் அவருக்கு அதிகம் கிடைத்தது. பிரசன்னாவுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. பொறியியல் படிப்பை முடிப்பதற்காக அவர் 1962-க்குப் பின் ஐந்து ஆண்டுகள் சர்வதேச ஆட்டத்தை விட்டு விலகியிருந்தார். ஆஃப் ஸ்பின்னருக்கான ஓர் இடத்துக்கு நம் வெங்கட்ராகவனோடு போட்டியிட வேண்டியும் இருந்தது. இப்படி இழந்த ஆண்டுகளைக் கற்பனை விக்கெட்டுகளால் நிரப்பக் கூடாது. கிடைத்த ஆட்டங்களில் செய்ததை மட்டும் பார்த்தாலே பிரசன்னாவின் இடம் உறுதியாகிறது.

சந்திரசேகரைத் தேர்ந்தெடுக்கும்போது அவரோடு ஒரு தேவையும் சேர்ந்தே வருகிறது. 1971-இல் இங்கிலாந்துக்கு எதிராக ஓவலில் 38 ரன்களுக்கு ஆறு விக்கெட்டுகள் எடுத்துத் தொடரை வென்று கொடுத்தவர் அவர். ஆனால் அவருடைய பந்துவீச்சுக்கு மட்டையாளரின் மூக்கடியில் நின்று பிடிப்பவர்கள் வேண்டும். அந்நாளில் ஷார்ட் லெக்கில் நின்ற ஏக்நாத் சோல்கர் பம்பாய்க்காரர். நம் கணக்கில் அவர் எதிரணியில் இருக்கிறார். ஸ்லிப்பில் திராவிட் நிற்பார் என்பதால் அந்தப் பக்கம் கவலையில்லை. ஷார்ட் லெக்கில் யார் என்று கேட்டால் மட்டும் எல்லாரும் சற்று நேரம் மௌனமாகிவிடுவார்கள். பதினொருவரையும் எழுதியபின் ஒவ்வொருவரும் எங்கே நிற்பார் என்று மைதானத்தை வரைந்து பார்ப்பது, பெரும்பாலோர் செய்யாமல் விடும் வேலை. அதைச் செய்தால் ஓரிரு பெயர்கள் தாமாகவே மாறும்.

மாநில அணிக்கு டெஸ்ட் சாதனை எவ்வளவு எடை பெற வேண்டும் என்பதிலும் முன்கூட்டியே உடன்பாடு தேவை. இந்தியாவுக்காக ஆடாத பி. விஜயகிருஷ்ணா போன்ற இடக்கை ஆல்ரவுண்டரை டெஸ்ட் எண்களை மட்டும் பார்ப்பவர்கள் காணவே மாட்டார்கள். அவர் வாழ்ந்தது பேடியின் காலம் என்பதே அவருக்கு நேர்ந்த சோதனை. 1995-96 ரஞ்சிப் பருவத்தில் ஐந்நூறு ரன்களுக்கு மேலும் ஐம்பது விக்கெட்டுகளுக்கு மேலும் எடுத்த சுனில் ஜோஷியும் அப்படித்தான் மறைந்துபோவார். வினய் குமாரோ 2013-14, 2014-15 என இரண்டு பருவங்களில் தொடர்ந்து கோப்பையை வென்ற தலைவர். இரண்டாவது இறுதிப் போட்டியில் தமிழ்நாட்டுக்கு எதிராக ஐந்து விக்கெட்டுகளும் எடுத்துச் சதமும் அடித்தார். அதே ஆட்டத்தில் கருண் நாயர் 328 ரன்கள் குவித்தார். என் கருத்தில், சமமான இருவரிடையே முடிவெடுக்க வேண்டியபோது மாநில ஆட்டத்துக்கே முதல் மதிப்பு தர வேண்டும்.

கூடிப் பேசும் முறைக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். பேச்சைத் தொடங்குவதற்கு முன்னரே ஒவ்வொருவரும் தனித்தனியே தாளில் தம் பதினொருவரை எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் குரல் பெரிதாக இருப்பவரின் அணியே எல்லாருடைய அணியாகிவிடும். தாள்களை ஒப்பிட்டால் ஏழெட்டுப் பெயர்கள் பொதுவாக இருக்கும். அவற்றைப் பற்றி மேற்கொண்டு பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். மிஞ்சிய மூன்று, நான்கு இடங்களே உண்மையான தேர்வு. பழைய ஆட்டங்களை நேரில் பார்த்த மூத்தவர்களின் சாட்சியத்தை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் எந்த ஆட்டம், எந்த ஆடுகளம், யார் வீசினார்கள் என்று அவர்கள் சொல்ல வேண்டும். கையடக்கத் திரையில் பார்க்கும் துண்டுக் காட்சிகளை நான் அதற்கும் கீழாகவே மதிப்பேன்; விக்கெட் விழுந்த பந்துகள் மட்டுமே அவற்றில் இருப்பதால், எல்லாப் பந்துவீச்சாளரும் மேதைகளாகவே தெரிவார்கள்.

என் அணியில் தொடக்க ஆட்டக்காரர்களாகக் கே.எல். ராகுலும் மயங்க் அகர்வாலும் வருகிறார்கள். ரஞ்சியில் கர்நாடகத்துக்காக முதன்முதலில் முந்நூறைக் கடந்தவர் ராகுல். மயங்க் 2017 நவம்பர் மாதத்தில் மட்டும் முதல்தர ஆட்டங்களில் ஆயிரம் ரன்களைக் கடந்தவர். பின்னர் திராவிட், விஸ்வநாத், பிரிஜேஷ் படேல். ஐந்தாம் இடத்துக்குக் கருண் நாயரா பிரிஜேஷா என்பது கடினமான கேள்வி. பம்பாய்க்கு எதிராக ஏற்கெனவே சதமடித்த அனுபவத்துக்காகப் பிரிஜேஷ் பக்கம் சாய்கிறேன். ஆறாம் இடத்தில் ரோஜர் பின்னி. புதிய பந்தை வீசவும் தெரிந்த அவர், 1977-78-இல் கேரளத்துக்கு எதிராகச் சஞ்சய் தேசாயோடு சேர்ந்து விக்கெட் இழப்பின்றி 451 ரன்கள் சேர்த்தவர்; தொடக்க ஆட்டக்காரர் ஒருவருக்குக் காயம் பட்டாலும் கைகொடுப்பார். ஏழில் விக்கெட் கீப்பர் கிர்மானி, எட்டில் ஓவலில் டெஸ்ட் சதமடித்த கும்ப்ளே, ஒன்பதில் வேகப்பந்து வீச்சாளர் ஜவகல் ஸ்ரீநாத், பத்தில் பிரசன்னா. டெஸ்டில் எடுத்த ரன்களைவிட விக்கெட்டுகள் அதிகம் என்பதால் பதினொன்றாம் இடத்தைச் சந்திரசேகரிடமிருந்து யாரும் பறிக்க முடியாது.

இந்த அணியில் இடக்கை மட்டையாளர் ஒருவரும் இல்லை என்பது உண்மையான குறை. சுபாஷ் குப்தேயின் லெக் ஸ்பின்னையும் பத்மாகர் சிவால்கரின் இடக்கைச் சுழலையும் எதிர்கொள்ளும்போது அது தெரியவரும். அதற்காகவே பன்னிரண்டாவது ஆளாக விஜயகிருஷ்ணாவை வைத்திருக்கிறேன். ஆட்டத்தன்று காலையில் ஆடுகளம் வறண்டு தெரிந்தால் பின்னிக்குப் பதிலாக அவர் வரலாம். அணித்தலைவர் பிரசன்னா. பம்பாயின் வெற்றித் தொடரை முடித்த பருவத்திலும், 1977-78-இலும் கோப்பையை வென்ற அணிகளுக்குத் தலைவர் அவரே. அந்த அரையிறுதியில் கவாஸ்கரை போல்டாக்கியதும் அவரே. நாணயச் சுழற்சியில் வென்றால் முதலில் மட்டை பிடிக்க வேண்டும்: முதல் இன்னிங்ஸ் முன்னிலைக்கு வேண்டிய ரன்களைச் சேர்த்துவிட்டால், தேய்ந்த ஆடுகளத்தில் மூன்று சுழற்பந்து வீச்சாளர்களை எதிர்கொள்ளும் தொல்லை பம்பாயுடையதாகிவிடும்.