குளிர்பானம் வாங்க மூன்று டம்ளர் சோதனை

வழக்கமாக வாங்கும் கோலாவையும் அதைவிட விலை குறைந்த ஒன்றையும் ஒரே அளவு குளிரவைத்து, வீட்டில் வேறொருவரை உங்களுக்குத் தெரியாமல் மூன்று டம்ளர்களில் ஊற்றித் தரச் சொல்லுங்கள். இரண்டில் ஒரே பானம், ஒன்றில் மற்றது. எது தனி என்று கண்டுபிடிக்க முடியவில்லையா? அடுத்த முறை விலை குறைந்ததையே வாங்கலாம். குத்துமதிப்பாகச் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும். அதனால் நாலைந்து சுற்று பாருங்கள்.

பானம் நன்றாகக் குளிர்ந்திருந்தால் இனிப்பு நாக்கில் மட்டுப்பட்டே தெரியும், வித்தியாசமும் சுருங்கும். அப்படியும் ஒன்றுதான் ருசி என்று நினைக்கவைப்பது பல நேரம் லேபிளில் உள்ள பெயர். பெயரை மறைத்ததும் அந்த எண்ணம் போய்விடும். பெப்சி நிறுவனமே 1975இல் பெயர் மறைத்த சுவைப் போட்டியை விளம்பரமாக நடத்தியது. அதில் மக்கள் குடித்தது சில மடக்குதான். சில மடக்கில் இனிப்பு தூக்கலானது ஜெயிப்பது சுலபம், டம்ளர் முழுக்கக் குடித்தால் அதுவே திகட்டலாம். ஆகவே அரை டம்ளராவது குடித்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

விலையை 100 மில்லிக்கு எவ்வளவு என்று கணக்கிட்டே ஒப்பிட வேண்டும். பாட்டிலின் அளவைச் சத்தமில்லாமல் குறைத்து, பழைய விலையிலேயே விற்பதும் உண்டு.

சர்க்கரை சேர்த்ததையும் சர்க்கரை இல்லாததையும் இப்படி ஒப்பிடுவதில் பயனில்லை. மாற்று இனிப்பூட்டிகளின் பின்சுவை பலருக்கு உடனே தெரிந்துவிடும். திறந்துவைத்து கேஸ் இறங்கிப்போன பாட்டிலும் சோதனைக்கு உதவாது.